மக்கள் மனை நோக்கி

தோட்டத்துக் காரியாலயத்தில் விடுமுறை கோருவோர் கொடுக்கும் தாளிலே 'காரணம்' என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அதனை நிரப்புவது பெரும்பாலும் கிராணியாகிய நமது கையே. வருபவர் வாயாற் கூற, நாம் எழுதிக்கொள்வோம். மனிதன் தன் அன்றாட வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போகத்தக்க காரியங்கள் எவையென்பதை அந்தக் கட்டத்தைப்போல் விளக்கிக் காட்டும் நூல் ஒன்றை நாம் இன்னும் படித்ததில்லை. பழைய கோப்புகளைப் புரட்டினால் காய்ச்சல், இழவு, கோயில் திருவிழா, நேர்த்திக்கடன் என்பனவே மிகுதியாய்க் காணப்படும். இப்பொழுதோ, 'தங்கை புதுமனை புகுதல், சிங்கப்பூர்; பெற்றோரை அழைத்துச் செல்ல வேண்டும்', 'பேரன் முதலாண்டு நிறைவு, சிங்கப்பூர்', 'மகள் பட்டம் பெறுதல், கோலாலம்பூர்' என்று எழுதி எழுதி நமக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. லயத்திலே பிறந்து, ஆயாக் கொட்டகையிலே வளர்ந்த பிள்ளைகள் வெளியே குடியேறிவிட்டனர். பெற்றவர்கள் விருந்தினராய் அவர்கள் வாயிலிற் சென்று நிற்கின்றனர்.

இக்காட்சி புதிது போலத் தோன்றினும், இதனைத் தலைகீழாய்க் கண்டவர் நம் முன்னோர். அக்காலத்தில் தந்தை இங்கே, மக்கள் தமிழ்நாட்டிலே. இடையே கடல். 1926 முதல் 1973 வரை அக்கடலிலே ஓடிய 'ராஜூலா' என்னும் கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் முதியோர் முகம் மாறும். பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கிய ஒருவன், தான் கைக்குழந்தையாய் விட்டுவந்த மகளை மணப்பெண்ணாகக் காண்பான். தகரப்பெட்டி நிறையச் சவர்க்காரமும் சீட்டித் துணியும் கொண்டுசென்று, திருமணம் முடிந்த மறுமாதமே பால்மரத்தை நோக்கித் திரும்பிவிடுவான். மகளோடு அவன் வாழ்ந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஓராண்டு தேறாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கப்பலும் கடிதமும் நின்றபோது, அங்கே மகள் பூப்பெய்தியதும், மகன் மணம் முடித்ததும், தாய் மடிந்ததும் இங்கே தெரியாமலே இருந்தன. பிற்காலத்தில் 'சிதம்பரம்' என்னும் கப்பல் 1985 ஆம் ஆண்டில் தீ விபத்துக்குள்ளானதோடு, தளத்திலே படுக்கை விரித்துப் பிரயாணம் செய்த அந்தக் காலமே முடிந்தது.

இடையே 1969 ஆம் ஆண்டும் வந்தது. குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உத்தரவுச் சீட்டு வேண்டும் என்ற விதி தோட்டங்களைத் தாக்கியபோது, பல்லாயிரவர் ஆடு மாடுகளை விற்றுவிட்டுக் கப்பலேறினர். போனவர் தந்தை, இருந்தவர் மகன் என்று பிரிந்த குடும்பங்கள் பலவுண்டு. தாள் ஒன்று இல்லாமையால் தாயும் பிள்ளையும் பிரிவது நம் சமூகத்துக்கு அப்பொழுதே பழக்கமாகிவிட்டது. இக்கட்டுரையில் நாம் கூற வந்ததும் தாளைப் பற்றியதே.

கடல் சுருங்கி இன்று நீரிணையாகிவிட்டது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924 ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பால்மரத்தில் இரண்டு நிரை வெட்டி முடிக்கும் நேரத்தில் அதனை நடந்தே கடந்துவிடலாம். எனினும் 1965 இல் இரு நாடுகளாய்ப் பிரிந்து, 1967 முதல் கடவுச்சீட்டுச் சோதனை ஏற்பட்ட பின் அதன் உண்மையான நீளத்தை அளக்கும் கோல் வேறு. 1973 ஆம் ஆண்டு மே மாதம் வரையில் இந்நாட்டு வெள்ளி ஒன்றும் சிங்கை வெள்ளி ஒன்றும் சரிநிகராய் மாறி வந்தன. இன்று அந்நாட்டு வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் அப்பக்கம் ஏன் போகின்றனர் என்று கேட்பாருக்கு இதற்கு மேல் விடை வேண்டியதில்லை. அவர்களைப் 'பெற்றோரை விட்டோடியவர்' என்று மேடைதோறும் ஏசுவோரும் உளர். ஏசுவோரில் எத்தனை பேர் தம் பிள்ளைக்குத் தோட்டத்து வேலையை விரும்பித் தேடிக் கொடுத்தனர் என்பதை அறிய நமக்கு ஆவல்.

பிள்ளையைக் காணப் புறப்படும் முதியோர் படும் பாடு ஒரு தனிக் கதை. குளுவாங் பகுதியிலிருந்து ஒரு பஸ். லார்க்கின் நிலையத்தில் மற்றொரு பஸ். இப்பக்கத்துச் சோதனைக்கு இறங்கி ஏறுதல். அப்பக்கத்துச் சோதனைக்கு மீண்டும் இறங்கி ஏறுதல். புறப்படுமுன் வருகைச் சீட்டை கைத்தொலைபேசியில் நிரப்பி அனுப்ப வேண்டும். அதற்கும் கிராணியே கதி. வெற்றிலைப் பையைச் சோதித்து அதிலுள்ள புகையிலையை எடுத்துவைக்கச் சொல்லுவதும் நம் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். "பாக்கும் சுண்ணாம்பும் போகலாம், இது மட்டும் போகலாகாதா?" என்று கேட்டு, நம்மைச் சட்டமியற்றியவராகவே கருதி முறைத்த மூதாட்டியரும் உண்டு. நாற்பதாண்டு கத்தி பிடித்துத் தேய்ந்த விரல்களிலே ரேகை பதியாமல், அதிகாரி மூன்று முறை நான்கு முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னதைப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கூறினார். "தம்பி, என் விரலையே எனக்குச் சொந்தமில்லை என்கிறான்" என்பது அவர் சொல்.

அப்பெரியவருடைய குடும்பத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகின்றோம். பெயர் வேண்டியதில்லை, தோட்டத்துக்கு ஒரு குடும்பம் இப்படி இருக்கும்.

பெரியவர் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். மகன் இதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகின்றான்; அவனுடைய வீட்டிலேதான் தாய் தந்தையர் இருக்கின்றனர். மகள் தாதிப் பயிற்சி பெற்றுச் சிங்கப்பூரிலே வேலை பார்க்கின்றாள். 2017 இல் அவளுடைய திருமணம் இங்கேயே நடந்தது. 2019 இல் அவளும் கணவனும் அடுக்குமாடியிலே வீடு வாங்கிப் பெற்றோர் இருவரையும் அழைத்தனர். பெரியவருக்குக் கடவுச்சீட்டு எடுக்க நாமே உடன் சென்றோம். அம்மையாருக்கு எடுக்க இயலவில்லை. அவரிடம் இருப்பது சிவப்பு அட்டை.

நகரத்து வாசகர்களுள் சிலர் இதனை அறியாதிருக்கலாம். இந்நாட்டுக் குடிமக்களுக்கு நீல அட்டை. நிரந்தரமாய்த் தங்கும் உரிமை மட்டும் பெற்றோருக்குச் சிவப்பு அட்டை. கடவுச்சீட்டு குடிமக்களுக்கே உரியது. அம்மையார் பிறந்தது 1955 ஆம் ஆண்டில், இதே ஜொகூர் மாநிலத்தில், ஒரு தோட்டத்து லயத்தில். நாடு சுதந்திரம் பெற்றது 1957 ஆகஸ்டு 31. அந்நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இம்மண்ணிற் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்களாயினர். அதற்கு முன் பிறந்தோரில், முன்னமே குடியுரிமை எய்தாதவர், விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். அம்மையாரின் தம்பி பிறந்தது 1959 இல், ஆஸ்பத்திரியில். பிறப்புப் பத்திரம் இருந்தது. அவருக்கு நீல அட்டை. அக்காள் பிறந்தது லயத்தில், மருத்துவச்சி கையில், பத்திரம் இல்லை, சிவப்பு அட்டை. ஒரே தாய் வயிறு, ஒரே கூரை. ஒருவர் எந்நாட்டுக்கும் போகலாம். மற்றவர் எந்நாட்டுக்கும் உரியவரல்லர். இந்தியாவை அவர் கண்ணாற் கண்டதுமில்லை.

அக்காலத் தோட்டங்களில் பிறப்பைப் பதியும் காரியத்தைத் தொழிலாளர் தாமே செய்வது அரிது. கிராணியோ டிரசரோ பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவர். அவர் பார்த்துக்கொண்டால் உண்டு. நம் தொழிலைச் சேர்ந்த யாரோ ஒருவர், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில் எழுதாது விட்ட ஒரு வரிக்காக இன்று ஒரு மூதாட்டி பாலத்தின் இப்பக்கத்திலே நிற்கின்றார். பேனாவைக் கையிலெடுக்கும் போதெல்லாம் இந்நினைவு நமக்கு வருவதுண்டு.

பழியெல்லாம் கிராணியரின் மேலது என்றும் நாம் கூறோம். 'இன்னும் இரண்டாண்டு, ஊருக்குப் போய்விடுவோம்' என்று இருபதாண்டு கூறி வந்த தலைமுறை அது. தமிழ் முரசை 1935 இல் தொடங்கிய சாரங்கபாணியார், சிங்கப்பூர்த் தமிழரை நோக்கிக் குடியுரிமை பெறுங்கள், குடியுரிமை பெறுங்கள் என்று ஓயாது வற்புறுத்தினார். கேட்டவர் பிழைத்தனர். காது குத்துக்கு நாள் பார்த்தோம்; முடியிறக்க நாள் பார்த்தோம்; பிறப்புப் பத்திரத்துக்கு நாள் பார்த்தார் நம்மில் எத்தனை பேர்?

நிற்க. புதுமனை புகுதலுக்குப் பெரியவர் தனியே சென்றார். மூன்று நாள் விடுமுறையாகப் போனவர் இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். வீடு பதினான்காம் மாடி என்றும், சன்னலில் நின்றால் கப்பல்கள் தெரியும் என்றும் மனைவியிடம் வருணித்தார். பிறகு காரியாலயத்துக்கு வந்து நம்மிடம் கூறியது வேறு. "வந்தவர்கள் எல்லாரும் அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சிவப்பு அட்டைக் கதையைச் சொல்ல மகளுக்கு வெட்கம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். நல்லாயிருக்கிறவளை நோயாளி ஆக்கிவிட்டு நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இனி அவளில்லாமல் போக மாட்டேன், தம்பி." அன்று முதல் அவர் கடவுச்சீட்டு மனைவியின் சேலைப் பெட்டிக்கு அடியிலே கிடக்கின்றது.

மகள் வெட்கப்பட்டாள் என்பதற்காக அவளைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தன் தாயை நாடற்றவளென்று புதுச் சுற்றத்தாரிடம் கூறுவது எவர்க்கும் எளிதன்று.

2020 மார்ச் 18 ஆம் நாள் நோய்த்தடுப்பு ஆணை வந்தது; பாலம் அடைபட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அப்பொழுது தோட்டத்திலே ஒரு விந்தையைக் கண்டோம். நீல அட்டையும் சிவப்பு அட்டையும் ஒன்றாயின. கடவுச்சீட்டு வைத்திருப்போரும் போக முடியவில்லை. அம்மையார் அந்த இரண்டாண்டுகளில் மற்றக் கிழவிகளோடு சமமாய் உட்கார்ந்து, பேரப்பிள்ளையைத் தொலைபேசியின் சிறு கண்ணாடியிலே பார்த்து வந்தார். அவர் நம்மிடம், "இப்போது எல்லாரும் என்னைப்போல்தான்" என்று சொன்னபோது அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சியன்று. ஆயினும் ஓர் ஆறுதல் இருந்தது. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது, முதற்பிறந்தநாள் கொண்டாடியது, எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே நடந்தன. 2021 நவம்பர் இறுதியில் சிலருக்கும், 2022 ஏப்ரல் முதல் நாள் எல்லார்க்கும் பாலம் திறந்தது. மற்றக் கிழவிகள் மூட்டை கட்டத் தொடங்கினர். அம்மையார் மீண்டும் தனித்தவரானார்.

அப்பொழுதுதான் காது குத்து விழாப் பேச்சு எழுந்தது. மருமகன் வீட்டார் சிங்கப்பூரிலே மண்டபம் பிடிக்க எண்ணினர். சீர்வரிசை இவ்வளவு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. நம்மவர் கேட்கவும் வேண்டியதில்லை. 'தாய்மாமன் சீர் பதினைந்து தட்டுக்குக் குறைந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பர்' என்ற கவலை லயத்தில் தானே முளைத்துவிடும். டிராக்டர் ஓட்டும் மகன் முன்பணம் கேட்டு நம்மிடம் வந்தான். பெரியவர் சேமநிதியில் மிஞ்சியதை எடுக்கலாமா என்று விசாரித்தார். நாம் மறுத்துரைத்தோம். 1929 ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோதும், 1932 இல் சிங்கப்பூரிலே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோதும் எதிர்க்கப்பட்டவை இத்தகைய வீண் செலவுகளே. எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும் தட்டுகளை எண்ணும் கண்கள் நம்மிடையே குறையவில்லை. ஒரு மாதச் சம்பளத்தை ஒரு தட்டிலே பரப்பி, அதன்மேல் பூவைத் தூவி, கடன் என்னும் பழத்தை நடுவே வைத்துச் சுமந்து செல்லும் இவ்வழக்கத்தை அன்பென்று அழைப்பது அன்புக்கே இழுக்கு.

ஆனால் விழாவே வேண்டாம், குடும்பக் கூட்டமெல்லாம் மூடப்பழக்கம் என்று கூறும் தோழர்களோடும் நாம் உடன்படோம். ஆண்டெல்லாம் பிரிந்திருப்பவர் ஒரு நாள் கூடுவதற்கு ஒரு சாக்கு வேண்டும். ஏழை மக்களுக்கு அந்தச் சாக்கு பிறந்தநாளாகவோ காது குத்தாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். சாக்கின் விலை சந்திப்பின் விலையை விஞ்சாதிருந்தால் போதும்.

இம்முறை மகள் துணிந்து ஒரு காரியம் செய்தாள். மண்டபம் வேண்டாம், அம்மா வர முடியாத இடத்தில் என் பிள்ளைக்கு விழா இல்லை என்று கணவனிடம் கூறிவிட்டாள். வருவோர் பாலத்தைக் கடந்து தோட்டத்துக்கு வரட்டும் என்றாள். மருமகன் நல்லவர், இசைந்தார். அவருடைய தாயார் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: நாளும் நேரமும் தாம் குறித்துக் கொடுப்பர். 2022 மே முதல் நாள், ஞாயிறு, காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையே சுப வேளை என்று தாள் வந்தது.

சோதிடர்க்குக் கோள்களின் கதி தெரிந்திருந்ததேயன்றிப் பாலத்தின் கதி தெரியவில்லை. தொழிலாளர் தினமும் நோன்புப் பெருநாளும் சேர்ந்து வந்த நீண்ட விடுமுறை அது. இரண்டாண்டு அடைபட்ட மக்கள் அனைவரும் ஒரே நாளில் வெளியே கிளம்பினர். விடியுமுன் புறப்பட்ட கார் பாலத்திலே நின்றது நின்றபடி நின்றது. பத்தரை மணி பாலத்திற் போயிற்று. பன்னிரண்டு ஜொகூர் பாருவிற் போயிற்று. நகரத்திலிருந்து வந்த தட்டார் மூன்று முறை தேநீர் அருந்திவிட்டு வேப்பமரத்தடியில் உறங்கிவிட்டார். மாலை நாலே முக்காலுக்கு வண்டி தோட்டத்து வாயிலில் நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை இராகு காலம் என்பது வாசகர் அறிந்ததே. மருமகனின் தாயார் நாட்காட்டியைப் பார்த்தார். இறங்கி நிற்கும் குழந்தையைப் பார்த்தார். மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்றார். அதற்கு விடை கூறியவர் நம் பெரியவர். "சம்பந்தியம்மா, இரண்டு வருஷமாக நல்ல நேரம் எல்லாம் போய்விட்டது. இருக்கிற நேரத்தில் குத்திவிடுவோம்." அவ்வம்மையாரும் சிரித்துவிட்டார். இராகு காலத்திலே, மாமன் மடியிலே, காது குத்தப்பட்டது. சீர் மூன்று தட்டு: ஒன்றில் பழம், ஒன்றில் சட்டை, ஒன்றில் அம்மையார் தம் காதிலிருந்து கழற்றி மெருகிட்டு வைத்த சிறு தோடு. குழந்தை இன்று நலமாகவே இருக்கின்றது.

ஆனால் நம் மனத்தில் நிற்பது காது குத்தியதன்று. அதற்குச் சிறிது முன் நிகழ்ந்தது. வண்டியிலிருந்து இறங்கிய குழந்தையை நோக்கி அம்மையார் இரு கைகளையும் நீட்டினார். குழந்தை தாயின் தோளிலே முகத்தைப் புதைத்து அலறியது. கண்ணாடிக்குள் உள்ளங்கை அளவாய் இருந்த பாட்டி இவ்வளவு பெரியவராய், மணமும் குரலும் உடையவராய் எதிரே வந்தால் அது என் செய்யும்? மகள் திகைத்துப் போனாள். அம்மையார் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, உள்ளே சென்று, மகனுடைய தொலைபேசியை எடுத்து வந்தார். திண்ணையின் மறுகோடியில் உட்கார்ந்து மகளின் எண்ணை அழைக்கச் செய்தார். கண்ணாடியில் பாட்டியின் முகம் தோன்றியதும் குழந்தை அழுகையை நிறுத்தி, "பாட்டி!" என்றது. இரண்டு தொலைபேசிகளுக்கும் இடையே பத்தடி இருக்கும். அம்மையார் பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாய் நகர்ந்து வந்தார். குழந்தை கண்ணாடியைப் பார்க்கும், எதிரே பார்க்கும், மீண்டும் கண்ணாடியைப் பார்க்கும். கடைசியில் அது கையை நீட்டி அவர் மூக்கைத் தொட்டது. கூடியிருந்த பெண்டிர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். நாம் கணக்குப் புத்தகம் ஒன்றைத் தேடுவதுபோல் அப்பால் சென்றோம்.

அதன் பிறகு ஆண்டுக்கு இருமுறை மூன்றுமுறை அவர்களே வருகின்றனர். ஒவ்வொரு முறையும் மகளுக்கு விடுமுறை கிடைக்க வேண்டும், மருமகனுக்குக் கிடைக்க வேண்டும், பாலம் இடங்கொடுக்க வேண்டும். பேத்திக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பாலர் பள்ளியில் ஆண்டிறுதிக் கலைவிழா. அவள் மயில் வேடமிட்டு ஆடுகின்றாளாம். "பாட்டி, நீ வருவாயா?" என்று கேட்டிருக்கின்றாள். பள்ளிக்கூடத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவர மகளால் இயலாது.

அம்மையார் மறுபடியும் விண்ணப்பம் எழுதச் சொன்னார். இது மூன்றாம் முறை. முன்னைய இரண்டுக்கும் வந்த விடை ஒரே வரி, காரணம் குறிக்கப்படவில்லை. இம்முறை அவருடைய தம்பியின் பிறப்புப் பத்திரம், தாய் தந்தையர் பெயர் காணும் பழைய தோட்டத்துப் பதிவேட்டின் பிரதி, அவர் பிறந்ததை அறிந்த எண்பது வயது மூதாட்டி ஒருவரின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றைத் திரட்டியிருக்கின்றோம். அந்த மூதாட்டியின் உடல்நிலை நன்றாயில்லை. ஆதலால் கையொப்பத்தைச் சென்ற மாதமே வாங்கி வைத்துவிட்டோம்.

மலாய் மொழியில் சிறிதளவு அறிவு வேண்டும் என்பதும் விதி. அம்மையார் சந்தையிலே நாற்பது ஆண்டு மலாய் பேசி மீன் வாங்கியவர். எனினும் அதிகாரியின் முன் நாக்கு உலர்ந்துவிடுகின்றது என்கின்றார். ஆகையால் மாலைதோறும் காரியாலயத்துத் திண்ணைக்கு வந்து நம்மிடம் ஒப்புவிக்கின்றார். பெயர், வயது, கணவன் தொழில் எல்லாம் தடையின்றி வருகின்றன. 'சாயா லாஹிர் டி சினி', நான் இங்கே பிறந்தேன், என்ற வாக்கியத்துக்கு வரும்போது மட்டும் குரல் சற்றே உயர்ந்துவிடுகின்றது. வாதாடுவது போல் இருக்கின்றதம்மா, மெதுவாகச் சொல்லுங்கள் என்றோம். "மெதுவாகத்தானே தம்பி இத்தனை நாள் சொன்னேன்" என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும்படி தாள் வந்திருக்கின்றது. முதற் பஸ் ஆறரைக்கு. நாம் அன்று விடுமுறை கேட்டிருக்கின்றோம். நமது தாளை நாமே நிரப்பினோம். 'காரணம்' என்ற கட்டத்தில் 'பேத்தியின் கலைவிழா' என்று எழுதினோம். துரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்.